ஏ.சி. ஷோரூமில் வாங்கிய சந்தனப் பொட்டு

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் அக்கா கணவர் கடை வைத்திருக்கிறார். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். மிக்சி, குக்கரோடு கம்ப்யூட்டரும் விற்கிறார். என் மகளுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டபோது அங்கே வாங்க எனக்கு மனம் வரவில்லை. குக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் எப்படி நல்லதாக இருக்கும்? அவரிடம் சொல்லாமல் அரக்கோணம் போய், ஒரு ஏ.சி. ஷோரூமில், பாவா கடையில் இருந்த அதே மாடலை வாங்கினேன். டை கட்டிய விற்பனையாளர் வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்' என்றதில் நான் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஒரே வாரத்தில் அது தானாக அணைய ஆரம்பித்தது. ஷோரூமில் கேட்டால், "நீங்கதான் எங்கயோ இடிச்சிருக்கீங்க" என்று கையை விரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பாவாவைக் கூப்பிட்டேன். வந்தவர் கம்ப்யூட்டர் பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு. தன் கடைக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் அவர் வைப்பது.

"இது நான் வச்ச பொட்டும்மா. தானா ஆஃப் ஆயிகினே இருக்குதுன்னு போன மாசம் ஏஜென்ட்டுக்குத் திருப்பி அனுப்சேன்."

திருப்பி அனுப்பியதற்கு அவர் காட்டிய ரசீதிலும், பெட்டியில் இருந்த அதே சீரியல் நம்பர். ஏஜென்ட் அதை அந்த ஷோரூமுக்குத் தள்ளிவிட, அவர்கள் புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டியிருக்கிறார்கள்!

பாவா மெதுவாகத்தான் கேட்டார். "என் கடைல இருந்தா மட்டம், அங்க இருந்தா ஒசத்தியா?"

அந்த ரசீதைக் காட்டிச் சண்டை போட்ட பிறகுதான் ஷோரூமில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இப்போது எந்தப் பொருளையும் போட்டுக் காட்டச் சொல்லி, கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பாவா கடையிலும் கவிழ்த்துப் பார்க்கிறேன், பொட்டு இருக்கிறதா என்று.