சரஸ்வதி பூஜையில் வைத்த லேப்டாப்

எங்கள் எதிர்வீட்டு அஸ்வினிக்கு நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. தட்டு மடியில் இருக்கும், கண் லேப்டாப்பில் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் டைப் செய்து அனுப்பும் வேலை. கணவன் ராம்கி பைக்கிலிருந்து விழுந்து, தொடை வரை மாவுக்கட்டோடு ஹாலில் கட்டிலில் கிடந்தான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்க்கா" என்பாள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பூஜைக்கு ஒரு மாதம் முன்பு லேப்டாப் தானாக டைப் செய்ய ஆரம்பித்தது. விரலை எடுத்த பிறகும் திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓடும். ஒரு நாள் அந்தக் கண்றாவி அப்படியே வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. இன்னொரு தரம் நடந்தால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். லேப்டாப் கம்பெனியுடையது. பழுது என்றால் பழி தன் தலையில்தான் விழும் என்று அவள் மூச்சு விடவில்லை. கவிழ்த்துத் தட்டினாள், துடைத்தாள், திருநீறும் பூசினாள். பேய் பிடித்திருக்கிறது என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

கோச்சடையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பீமாராவிடம் கொண்டுபோனாள். கழற்றிப் பார்க்கணும், ரெண்டு நாள் விட்டுப் போங்க என்றார். ரெண்டு நாள் வேலைக்கு என்ன செய்வது என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள். நச்சரிப்புத் தாங்காமல் அவர் லேப்டாப்பின் கீபோர்டை வேலை செய்யாதபடி அணைத்துவிட்டு, தனியாக ஒரு கீபோர்டை மாட்டிக் கொடுத்தார். பூஜை முடிந்ததும் கட்டாயம் கொண்டு வரச் சொன்னார்.

எழுத்து ஓடுவது நின்றது. அவள் முகத்தில் களை வந்தது. ஆனால் மூடி மட்டும் சரியாக மூடவில்லை, நடுவில் புடைத்து நின்றது. உள்ளே பேட்டரி உப்பிப்போய் கீபோர்டை அடியிலிருந்து முட்டிக்கொண்டிருந்தது. தானாக டைப் ஆனதே அதனால்தான். எங்கள் யாருக்கும் அப்போது அது தெரியாது.

சரஸ்வதி பூஜையன்று லேப்டாப்பை ஹாலில் கட்டிலுக்குப் பக்கத்தில் மணையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள். மூடி எழும்பி நிற்கிறதே என்று ராம்கியின் ஐ.டி.ஐ. புத்தகங்களில் கனமானவற்றை அதன் மேல் அடுக்கினாள். மறுநாள் காலை வரை தொடக் கூடாது. விடிந்ததும் வேலைக்கு உட்கார வேண்டுமே என்று சார்ஜரை மட்டும் கழற்றவில்லை. பிறகு தெருவில் பொரி சுண்டல் கொடுக்கக் கிளம்பினாள். ராம்கியால் எழுந்துவந்து கதவைத் திறக்க முடியாது என்பதால், எப்போதும் போல வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என் வீட்டில் இருந்தபோது ராம்கி போன் செய்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏ அஸ்வினி, புத்தகமெல்லாம் தானா சரியுது. தித்திப்பா ஒரு வாடை வேற வருது."

படையலில் வைத்த பழமாக இருக்கும் என்றேன். எனக்குத்தான் எதிலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே. அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் புடைப்பு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"நீங்க கிட்டப் போகாதீங்க. தள்ளிப் போங்க, வாரேன்."

"நான் எங்கிட்டுப் போக?" என்றான் ராம்கி.

பட்டென்று வெடித்த சத்தம் தெருவுக்கே கேட்டது.

ஓடினோம். கதவுக்கு அடியிலிருந்து புகை வந்தது. உள்ளே இருமல். அவசரத்தில் அவள் குத்திய சாவி பூட்டுக்குள் போகவேயில்லை. நான்தான் பிடுங்கித் திறந்தேன். ராம்கி கட்டிலிலிருந்து உருண்டு, கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு நிலைப்படி வரை தவழ்ந்து வந்திருந்தான். கதவைப் பிறாண்டிய விரல்களில் ரத்தம். அவனுக்குப் பின்னால் மணையும் கட்டிலும் சேர்ந்து எரிந்தன. ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்தோம்.

பிழைத்துவிட்டான். தெருக்காரர்கள் மண்ணை வாரி இறைத்துத் தீயை அணைத்தார்கள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அஸ்வினி தெருவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு மாசமாக் கத்திக்கிட்டே கெடந்துச்சுக்கா. நான்தான் அது வாயப் பொத்துனேன்."

வாசலில் கிடந்த அந்தப் பூட்டை அவள் திரும்ப எடுக்கவே இல்லை.