வெயிலில் காய்ந்த சளிப்பூஞ்சை

மதகடிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது கனகாம்பாளின் வேலை. அங்கே தட்டுகளில் மஞ்சள் வலையாகப் படர்ந்து வளரும் சளிப்பூஞ்சை என்ற உயிருக்கு ஓட்ஸ் போடுவதை அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.

"இன்னா கனகா, உன் புள்ள சாப்பிட்டுச்சா?" என்பார் வாட்ச்மேன் பக்கிரிசாமி.

"உன்ன மாதிரி இல்லய்யா. மிச்சம் வெக்காம சாப்புடுது."

அந்த மஞ்சள் வலையை ஏம்பலத்தில் தன் அப்பாவின் கரும்புக் காட்டில் உதிர்ந்து கிடந்த சோகையிலிருந்து எடுத்துவந்தவள் ஆய்வு மாணவி செல்வகுமாரி. அதன் நரம்புகள் விரிந்து சுருங்குவதைக் கேமராவில் பிடித்து ஒருநாள் கனகாம்பாளுக்கும் காட்டினாள். நரம்புகள் நெருக்கமாகப் பின்னிய தட்டில் எல்லாம் ஒரே தாளத்தில் துடித்தன. இரண்டு திட்டுகளை ஒற்றை மெல்லிய நரம்பு மட்டும் இணைத்த தட்டில் ஆளுக்கொரு தாளம்.

"ஒரே வூட்ல பேசிக்காத புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்குதே!"

"அதத்தான் அளக்கணும்க்கா. மொதல் தட்ட அளந்துட்டேன். இதுதான் பாக்கி."

தை மாதம் செல்வகுமாரிக்குக் கல்யாணம். அதற்குப்பின் படிப்பு கிடையாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

ஆவணியில் நிச்சயதார்த்தத்துக்கு அவள் ஊருக்குப் போயிருந்தபோது தட்டுகளில் வெள்ளைப் பூசணம் ஏறியது. கனகாம்பாள் பதறிப்போய் போன் செய்தாள். மேளச் சத்தத்துக்கு நடுவே செல்வகுமாரி கத்தினாள்: "நல்லா இருக்கறத மட்டும் தாள்ல ஏத்திக் காய வச்சிடுங்கக்கா! தூங்கிடும். அப்புறம் தண்ணி தெளிச்சா முழிச்சிக்கும்!"

காய வைப்பது கனகாம்பாளுக்குத் தெரியாத வேலையா? வருஷா வருஷம் வடகம் போடுகிறவள். மொட்டைமாடியில் வேட்டி விரித்துத் தாள்களைப் பரப்பி, காக்காய் விரட்டக் கூடவே உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிட்டது.

திரும்பிவந்த செல்வகுமாரி தண்ணீர் தெளித்தாள். மறுநாளும் தெளித்தாள். நாற்றம்தான் வந்தது.

"எங்கக்கா காய வச்சீங்க?"

"மாடியிலதாம்மா. நல்ல வெயிலு."

செல்வகுமாரி ஈரத் தாளைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள். "இருட்டுல, மெதுவா காயணும்க்கா. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

"உங்க சோகையில வேற இருக்காது? நான் வந்து தேடறேன்மா."

"கெடைக்கும். ஆனா அது வேற உசுரு. எல்லாத்தையும் மொதல்லேர்ந்து அளக்கணும். தைக்குள்ள முடியாதுக்கா."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கனகாம்பாளுக்கு.

கார்த்திகையில், ஆய்வை விட்டுவிடுவதாக அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, செல்வகுமாரி நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்து கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

"கண்டிப்பா வந்துடணும்க்கா."

கனகாம்பாளின் கையெல்லாம் சோப்பு நுரை. குழாயைத் திறந்து கழுவினாள். நுரை போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். செல்வகுமாரி பத்திரிகையை நீட்டியபடியே நின்றாள்.