சாவியைத் திருப்பாதீங்க!

சென்ற ஆண்டு மே மாதம், ஒரு நாள் காலை. கோட்டூர்புரம் பாலத்தின் மேல் நடந்தது இது.

முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மாமனாரை அபிராமபுரத்திலிருந்து அடையாறுக்கு, பிசியோதெரபிக்காக அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். காலை மடக்க முடியாததால், இடது பக்கக் கதவில் சாய்ந்து, பின் சீட் முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வெயிலுக்காகக் கண்ணாடிகளை ஏற்றி ஏசி போட்டிருந்தேன்.

பாலத்தில் ஏறியதும் கார் குலுங்க ஆரம்பித்தது. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தும் வேகமே எடுக்கவில்லை. எப்படியோ இடது ஓரமாக ஒதுக்கினேன், அதோடு நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். எனக்குக் கை கால் ஓடவில்லை.

இன்ஜினில் கோளாறு வந்தால் அதற்கான கோடு நம்பரை செல்போனில் காட்டும் சின்னக் கருவி ஒன்றை, என் கணவர் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி வைத்திருந்தார். சாவியைப் பாதி திருப்பினேன். செல்போனில் ஒன்றும் வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். P0302 என்று காட்டியது. வெளியூரில் இருந்த கணவருக்கு போன் செய்தேன்.

"ஒரு சிலிண்டர் சரியா எரியலைன்னு அர்த்தம். மத்ததை வெச்சு மெதுவா ஓட்டிடலாம். ஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்றார்.

சாவியைப் பிடித்தேன். அந்த நொடியில் யாரோ கண்ணாடியைப் படபடவென்று தட்டினார்கள். ஹெல்மெட் போட்ட ஒரு பெண். கதவைத் திறந்தேன்.

"அக்கா, சாவியைத் திருப்பாதீங்க! வண்டிக்கு அடியில பெட்ரோல் ஊத்தினுகீது!"

குப்பென்று பெட்ரோல் வாடை அடித்தது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். கொதிக்கும் தார் ரோட்டில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். இரண்டு பேர் தூரத்திலிருந்து படம் எடுத்தார்கள்.

பின் சீட்டிலிருந்து மாமனார், "நீ ஓடிடும்மா. என்னை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பெண் இடது கதவை மெல்லத் திறந்து, மாமனாரின் முதுகைத் தாங்கிக்கொண்டார். நான் மறுபக்கமாக ஏறி அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். காருக்குள் தலை சுற்றுமளவுக்கு வாடை. 'இப்போது பற்றிக்கொள்ளும், இப்போது பற்றிக்கொள்ளும்' என்றே மனம் அடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வேடிக்கை பார்க்க ஒருவர் கையில் சிகரெட்டோடு நெருங்கினார்.

"யோவ், கிட்ட வராத! அப்டியே பின்னால போ!" என்று அந்தப் பெண் போட்ட சத்தத்தில் அவர் வந்த வழியே ஓடினார்.

மாமனார் வலியில் துடித்தார். நாங்கள் நிறுத்தவில்லை. பாதி தூக்கி, பாதி இழுத்து, பாலத்தின் இறக்கம்வரை கொண்டுபோய் நடைபாதையில் உட்கார வைத்தோம். கார் தீப்பிடிக்கவில்லை.

"உனக்குப் பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாமயா? இதோ பாருங்கக்கா" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பியும்விட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

மறுநாள் மெக்கானிக் பானெட்டைத் திறந்து காட்டினார். ஒரு வயரையும், பக்கத்திலேயே போகும் பெட்ரோல் டியூபையும் எலி கடித்திருந்தது.

"அந்தக் கோடு நம்பர் வயர் கோளாறைத்தாம்மா சொல்லிச்சு. டியூப் ஒழுகுறது அதுக்குத் தெரியாது. நீங்க சாவியைத் திருப்புறப்பல்லாம் பம்ப் இன்னும் பெட்ரோலைத் தள்ளியிருக்கும்" என்றார். இரண்டு முறை திருப்பியது ஞாபகம் வந்தது. வயரையும் டியூபையும் மாற்றி, அந்தக் கோடு நம்பரை அழித்ததும் விளக்கு அணைந்துவிட்டது. என் பயம் அணையப் பல வாரங்கள் ஆயின.

இப்போது மாமனார் தானே நடந்துவந்து காரில் ஏறுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், அத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.