தினேசின் கல்வெட்டு

எங்கள் ஈழத்துச் சனத்துக்கு ஒரு பழக்கம். ஆள் செத்து முப்பத்தோராம் நாள் மண்டபம் பிடித்துச் சாப்பாடு கொடுப்பார்கள். வந்தவர்களின் கையில் கல்வெட்டு என்று ஒரு புத்தகமும் கொடுப்பார்கள். அதில் போனவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வயதுவாரியாக அழுவதற்குப் பாட்டுகள் இருக்கும். புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோ நகரில் அதை அச்சடித்துப் பிழைப்பவன் நான். பாதிப் புத்தகங்கள் காரின் பின் சீற்றில் கிடந்து வெளிறிப் போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

புலம்பல்களை எனக்கு எழுதித் தருபவர் தங்கத்துரை அண்ணை. மிசிசாகாவில், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி, அது முடிய வேறொரு இடத்தில் துப்புரவு வேலையும் பார்த்து ஓய்ந்த மனிதர். எழுதினார் என்பதைவிடப் பெயர் மாற்றினார் என்பதுதான் சரி. கணவனை இழந்தவளுக்கு ஒன்று, தாயை இழந்த பிள்ளைக்கு ஒன்று என்று எல்லாம் கணினியில் தயாராக இருந்தன.

"அண்ணை, முழுச் சனத்தையும் ஒரே பாட்டில அழ வைக்கிறியள்" என்று நக்கலடிப்பேன்.

"அழுகிறவைக்கு ஒரு சொல்லு வேணும் தம்பி. அது புதுசோ பழசோ எண்டு ஆர் பாக்கினம்?" என்பார்.

மண்டபத்தில் அவரே ஒலிவாங்கியைப் பிடித்து ராகத்தோடு வாசிப்பார். சனம் அழத்தான் செய்தது. அதை நான் மறுக்க முடியாது.

போன பனிக்காலத்தில் அவருடைய ஒரே மகன் தினேஸ் செத்துப்போனான். ஒஷாவாவில் இரவு வேலை முடித்து வரும்போது, உறைபனியில் கார் சறுக்கி லொறியோடு மோதிவிட்டது. மனைவி நிசாந்தினியும் எட்டு வயது மகள் அட்சயாவும் தனித்துப்போனார்கள்.

செத்தவீடு முடிந்த கையோடு தங்கத்துரை அண்ணை கடைக்கு வந்து எல்லாப் புலம்பல்களையும் என் மேசையில் வைத்தார். அதே பழைய பாட்டுகள், பெயர் மட்டும் தினேஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த மகனுக்குமா? ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. ஒரு கிழமைக்குள் கிழவனாகிப் போயிருந்தார்.

அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க நிசாந்தினி வந்தாள். கூடவே அட்சயா. அண்ணையும் கடையில் இருந்தார். அட்சயாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தன் படம் போட்ட பக்கத்தைக் கண்டுபிடித்து அவரிடம் நீட்டினாள்.

"அப்பப்பா, இதில நான் என்ன சொல்லுறன்?"

அவர் வாசித்துப் பொருள் சொன்னார். விரல் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன அப்பா, மடியில் வைத்துக் கதை சொல்லி நித்திரையாக்கிய அப்பா.

அட்சயா கொஞ்சம் யோசித்தாள். "பட், உது ஆரின்ர அப்பா?"

"அட்சயா!" என்று நிசாந்தினி அதட்டினாள்.

"என்ர அப்பா ஸ்கூலுக்கு வாறேல்லை. நான் வெளிக்கிடேக்கதான் அவர் வேலையால வருவார். காருக்குள்ள இருந்து கை காட்டுவார். சில நாள் அப்பிடியே ஸ்டியரிங்ல நித்திரையாயிடுவார். நான் கண்ணாடியில தட்டீற்றுப் போவன்."

அண்ணை கணினியின் முன் உட்கார்ந்து அவளுடைய பக்கத்தை முழுதாக அழித்தார். அவள் சொன்னதைச் சொன்னபடியே அடித்தார். பாட்டும் இல்லை, ராகமும் இல்லை. இத்தனை வருடத் தொழிலில் நான் அழுதுகொண்டு அச்சடித்தது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

"அண்ணை, உங்கட பக்கம்?" என்று கேட்டேன். 'தந்தை புலம்பல்' மட்டும் பழையபடியே கிடந்தது.

"அதையும் மாத்துவம். நாளைக்குத் தாறன்."

மறுநாள் அவர் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் எடுத்தால், "யோசிக்கிறன் தம்பி" என்றார். கடைசியில் பழைய பாட்டையே அச்சடித்தேன்.

மண்டபத்தில் வழக்கம்போல அவரே வாசித்தார். நிசாந்தினியின் பக்கம் முடிந்தது. அட்சயாவின் பக்கத்தை ராகமில்லாமல் மெதுவாக வாசித்தார். சனம் வாய்விட்டு அழுதது. பிறகு தன் பக்கத்துக்கு வந்தார். "தோளில் சுமந்து திரிந்தேனே என் மகனே" என்று தொடங்கினார். எத்தனையோ மண்டபங்களில் அவர் குரலில் நான் கேட்ட வரி. இந்த முறை அடுத்த வரி வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி வந்து அட்சயாவுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் மிச்சப் புத்தகப் பெட்டியோடு அவர்களுக்குப் பின்னால் நின்றேன்.

"அப்பப்பா, ஏன் நிப்பாட்டினீங்கள்?"

அவர் புத்தகத்தை மடியில் வைத்தார்.

"அப்பா என்ர வயசில என்ன செய்வார்? அதைச் சொல்லுங்கோவன்."

அவர் மூடிய புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது பிள்ளை. அப்ப நானும் ரெண்டு வேலை செய்தனான்."