மரைக்கு வைத்த சுருக்கு

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த பவுலினா, 1956இல் தலைப்பிள்ளையைச் சுமந்தபோது இறைச்சிக்கு ஏங்கினாள். கடையில் வாங்கிக் கொடுக்க முடியாத அவள் கணவன் சவரிமுத்து, காட்டோரத்தில் கம்பிச் சுருக்கு வைத்தான்.

விடிந்ததும் இருவரும் போய்ப் பார்த்தார்கள். கடமான் இனத்துப் பெண்மரை ஒன்று பின்னங்கால் சிக்கி நின்றது. இழுத்து இழுத்துத் தோல் கிழிந்திருந்தது. சவரிமுத்து கத்தியை எடுத்தான். பவுலினா அதன் மடியைப் பார்த்துவிட்டாள்.

“வேணாங்க. பால் கட்டியிருக்கு. எங்கயோ குட்டி காத்துக்கிட்டிருக்கும். அவுத்து விட்டுருங்க.”

“ஒனக்காகத்தானே புள்ள வச்சேன்?”

“எனக்காகவே விட்டுருங்க.”

அவன் கத்தியைக் கீழே வைத்தான். மரையின் தலையில் சாக்கைப் போட்டு மூடி, கம்பியைத் தளர்த்தினான். அது உதறி ஓடியபோது பட்ட உதையில் அவன் முழங்கை வீங்கிப்போனது; பல நாள் வேலைக்குப் போக முடியவில்லை. அதற்காக அவளை ஒரு சொல் சொன்னதில்லை. கை சரியானதும், மற்ற இடங்களில் வைத்திருந்த சுருக்குகளையும் தானே போய்க் கழற்றி எறிந்தான்.

மகள் சுகமாகப் பிறந்தாள். பவுலினா கோயிலுக்குப் போகும்போதெல்லாம், இப்படி ஒரு மனிதனைத் தனக்குக் கொடுத்ததற்கு மாதாவுக்கு நன்றி சொன்னாள்.