கரும்பலகையில் விட்டுப்போன ஒன்று

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'கழித்தல் டீச்சர்'. கூட்டுத் தொடர்வரிசை நடத்தும்போதெல்லாம், "ஒண்ணைக் கழிச்சியா? கழிக்காம எங்க ஓடுற?" என்று வகுப்பே அதிரக் கத்துவாள். பட்டப்பெயர் காதில் விழுந்தாலும் விழாததுபோல் போய்விடுவாள். உள்ளூரப் பெருமைதான்.

அன்று பத்தாம் வகுப்பில் 5, 8, 11, 14 என்று எழுதினாள். "முதல்ல அஞ்சு. அப்புறம் முந்தின உறுப்போட மூணைக் கூட்டிட்டே போ. இது ஒரு விதி. ஆனா நூறாவது உறுப்பு வேணும்னா, அதுவரைக்கும் கூட்டிட்டே உட்கார்ந்திருப்பியா? நேரா போக இன்னொரு விதி இருக்கு." திரும்பி எழுதினாள்: 5 + 3n.

முதல் பெஞ்சுப் பெண் தயங்கி எழுந்தாள். "டீச்சர், n-க்கு ஒண்ணு போட்டா எட்டு வருது. முதல் உறுப்பு அஞ்சுதானே?"

டீச்சர் பலகையைப் பார்த்தாள். தப்பு என்று தெரிந்தது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் தானாக வாயில் வந்து விழுந்த ஒன்று, துடைத்து எடுத்ததுபோல் காணவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சரி, நூறாவது உறுப்பு வரைக்கும் கூட்டியே கொண்டு வாங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தவள், மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

அவளுடைய அப்பா கடைசிக் காலத்தில் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தவர். ஒருநாள் அவளையே பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையை அவளால் இன்னும் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து தன்னையே வேவு பார்க்க ஆரம்பித்தாள். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்தாள். சக ஆசிரியர்களின் பெயர்களை பஸ்ஸில் முணுமுணுத்தாள். அந்தப் பாடம் எடுக்கும் நாட்களில் விதியை முன்கையில் பேனாவால் எழுதி, சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஒரு மாலை பாத்திரம் கழுவும்போது கணவர் அதைப் பார்த்துவிட்டார். தையற்காரர்; நூல் பிரிந்தாலும் தெரியும் கண்.

"என்ன இது, பிட்டு அடிக்கிற பிள்ளை மாதிரி?"

ஈரக்கையோடு அப்படியே அழுதாள். "அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சுங்க."

"அதை டாக்டர் சொல்லட்டும். நீயே தீர்ப்பு எழுதாதே."

ரத்தப் பரிசோதனையில், நினைவாற்றலுக்கு வேண்டிய பி12 வைட்டமின் அடிமட்டத்தில் இருந்தது. "ஊசி போட்டா பெரும்பாலும் சரியாயிடும். எதுக்கும் கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்றார் டாக்டர். கணவர் 'சரியாயிடும்' என்பதைப் பிடித்துக்கொண்டார். அவள் 'பெரும்பாலும்' என்பதை.

ஊசிகளுக்குப் பிறகு தலை கொஞ்சம் தெளிந்தது. கையில் எதுவும் எழுதாமல் அதே வகுப்பில் போய் நின்றாள். "அன்னைக்கு நான் எழுதினது தப்பு. ஏன்னு நீ சொல்லு" என்று முதல் பெஞ்சுப் பெண்ணைக் கேட்டாள்.

"முதல் உறுப்புக்கு நாம எதையும் கூட்டலையே டீச்சர். ரெண்டாவதுலதானே கூட்டவே ஆரம்பிக்கிறோம். அதான் எத்தனையாவது உறுப்போ, அதுக்கு ஒரு தடவை கம்மியா கூட்டணும்."

டீச்சர் மெதுவாக எழுதினாள்: 5 + (n − 1) × 3. எழுதியது புரிந்தது.

மறுபரிசோதனை நாள் இன்னும் வரவில்லை. தையல் கடையை அன்று மூடிவிட்டுக் கூட வரச் சொல்லியிருக்கிறாள் கணவரை.