செருப்பை மாட்டும்வரை

பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறினால் எனக்கு மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும். இந்தக் கோளாறுக்கு வாய்த்த மனநல ஆலோசகரோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில் இருந்தார். நான் இருப்பது இந்தப் பக்கம், ஜங்ஷனைத் தாண்டி டவுனில். ஆகவே வாராவாரம் என் மனைவி தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு வந்து, பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். பார்ப்பவர்கள் தலை நரைத்த புதுமாப்பிள்ளை என்று நினைத்திருப்பார்கள்.

கட்டணத்தை நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் காப்பீடு பார்த்துக்கொண்டது. இந்த வருடம் முதலாளி காப்பீட்டுக் கம்பெனியை மாற்றினார். புதுக் கம்பெனிக்கு உடம்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமாம். முழுக் கட்டணமும் என் தலையில் விழுந்தது. போவதை நிறுத்தினால், பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு ஆயுளுக்கும் மனைவி கையைப் பிடித்தே போகவேண்டும்.

நான் அசரவில்லை. சேலைக்குப் பேரம் பேசியே வயிறு வளர்த்தவன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. விலை படியாமல் எழுந்துபோகிற வாடிக்கையாளரை, அவர் செருப்பை மாட்டும்வரை கூப்பிடக் கூடாது. மாட்டியபின் கூப்பிடாமல் இருக்கவும் கூடாது.

"பாதிக்கு முடிச்சுக்கிடுவோம், மேடம்," என்றேன் ஆலோசகரிடம்.

"அவ்வளவு குறைக்க முடியாது சார். வேற வழி இருக்கு, உக்காருங்க."

"அப்ப நான் வாரேன்," என்று எழுந்துவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டினேன். கழற்றி மறுபடியும் மாட்டினேன். படியில் பைய இறங்கினேன். கூப்பிடவே இல்லை. வியாபாரம் தெரியாத அம்மா. வந்த கோபத்தில் எதிரே நின்ற பஸ்ஸில் ஏறி, மனதுக்குள் அவரோடு பேரம் பேசிக்கொண்டே போனேன்.

ஜங்ஷனில் இறங்கி, மனைவியின் பையை வாங்கக் கையை நீட்டினேன். மனைவி இல்லை. ஆலோசகரின் வரவேற்பறையில் அவளை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

போன் அடித்தது. அவள்தான்.

"எங்கன நிக்கீய?"

"ஜங்ஷன்ல."



"பாலம்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "தாண்டிட்டேன் போலுக்கு," என்றேன்.

"மேடம்ட்ட நான் பேசி முடிச்சிட்டேன். வெல கொறையாது. இனிமே மாசத்துக்கு ஒருக்க வந்தா போதும்னுட்டாவ."

விலையைக் குறைக்காமல் சரக்கைக் குறைத்திருக்கிறார். வியாபாரம் தெரிந்த அம்மாதான்.

"சரி, நீ பஸ் ஏறி வா."

"விட்டுட்டுப் போனது நீங்கதான? நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க."

அவளுக்குத் தனியாக வரத் தெரியாதா என்ன? குரலில் சிரிப்பு இருந்தது. கொஞ்சம் அழுகையும் இருந்தது.

பாளையங்கோட்டை பஸ் வந்தது. கோபத்தைத் தேடிப் பார்த்தேன், காணோம். வெறுங்கையோடு ஏறினேன். பாலம் வந்ததும் கை தானாகப் பக்கத்து இருக்கைக்குப் போனது. அங்கே யாரும் இல்லை. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.